டைனமோ சக்கரம் என்று சொல்லி 78,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: மலையகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கவனம்

சுற்றும்போதே லைட்டுக்குக் கரண்ட் தரும் டைனமோ சக்கரம் என்று ஒன்றை எனக்கு விற்றவர்கள் நேற்றுப் பின்னேரம் என்னுடைய எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். இனிப் பொறுமையாக இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள்.

போன தொகை 78,500 ரூபாய். ஆசிரியர் அறையில் போட்ட சீட்டு எனக்கு விழுந்த மாதம், அந்தக் காசை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். 2024இல் 1,350 ரூபாய் ஆன தோட்ட நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 58 நாள் கொழுந்து பறித்த கூலி. மலையில் நின்ற அம்மாவின் கால்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எதற்கு வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கில் 200 கிலோமீட்டரை ஓட்டி முடிக்க ஆகக்கூடிய நேரம் 13 மணி 30 நிமிடம். நம் நாட்டில் பகல் வெளிச்சமே 12 மணித்தியாலம்தான். ஆக, அந்த நேரம் முழுவதையும் எடுத்தால் விடியுமுன்போ பொழுது சாய்ந்த பிறகோ இருட்டில் ஓட்டியே ஆக வேண்டும். தலவாக்கலையிலிருந்து 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறி, ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கி, அதே வழியில் திரும்புவது என் நெடுநாள் ஆசை. நானுஓயாப் பக்கம் பின்னேரம் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற லொறியே தெரியாது. சார்ஜ் போடும் லைட்டை நம்பி அந்த இறக்கத்தில் வர முடியாது. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும்.

தாத்தாவின் சைக்கிளில் டயரோடு உரசி ‘கிர்ர்’ என்று சத்தம் போட்ட போத்தல் டைனமோ எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இப்போது அதே டைனமோவை முன் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குள்ளேயே வைத்துச் செய்கிறார்கள். உள்ளே செப்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு வளையமாகக் காந்தங்கள். 6 வோல்ட், 3 வோட். மழையில் வழுக்காது, சத்தம் இல்லை, சார்ஜ் போடும் கவலை இல்லை. நல்ல சாமான், நான் இன்னமும் அப்படித்தான் சொல்வேன்.

சமூக வலைத்தளத்தில் கொழும்பிலிருந்து சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் ஒரு பக்கத்தில் இதைப் பார்த்தேன். கம்பி கட்டிய முன் சக்கரமும் லைட்டும் சேர்த்து 78,500 ரூபாய். எடுத்த எடுப்பில் நம்பவில்லை, ஒரு கிழமை கேள்வி கேட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அப்புறம் பதில் போட்டுக்கொண்டிருந்த பையன் வீடியோ கோலில் வந்தான்.

சக்கரத்தைக் கையில் பிடித்துச் சுற்றினான். லைட் எரிந்தது. நிறுத்தினான். அப்போதும் எரிந்தது. “இதுதான் சேர் ஸ்டாண்ட் லைட். சிக்னல்ல நின்னாலும் அணையாது” என்றான். டைனமோ லைட்டில் அப்படி ஒரு வசதி இருப்பது உண்மைதான். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மங்கலாக எரியும். நான் வாசித்து வைத்திருந்த அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்டதும் மனதிலிருந்த சந்தேகம் போய்விட்டது. கடைசியாக எங்கே இருக்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். “அட, நானும் பொகவந்தலாவைப் பக்கம்தான் அண்ணே. நம்ம ஆளுக்கு நான் பொய் சொல்லுவேனா?” அதுவரை சேர், அந்த நிமிடத்திலிருந்து அண்ணே. அங்கேதான் நான் விழுந்தேன். தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளை கொழும்பில் கடை நடத்துகிறான் என்று சந்தோஷப்பட்டேன், வீட்டிலும் சொன்னேன்.

பொருளைக் கண்டபின் காசு தருகிறேன் என்றதற்கு, “சக்கரம் பெரிய பார்சல், கூரியர்காரன் அப்படி எடுக்கமாட்டான்” என்றான். முதலில் 30,000 போட்டேன். மறுநாள், பார்சல் கட்டியாகிவிட்டது, மிச்சம் 48,500ஐப் போட்டால் உடனே அனுப்பலாம் என்று படம் அனுப்பினான். அதையும் போட்டேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கடைக் கணக்கு ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

சக்கரம் வந்தது. பளபளவென்று பருமனான ஹப். மாட்டி, லைட்டுக்குப் பின்னாலிருந்த பொத்தானை அமுக்கினேன், எரிந்தது. விடியற்காலையில் லிந்துலை வரை இரண்டு தடவை போய் வந்தேன், நன்றாகவே எரிந்தது. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போதும் வெளிச்சம் குறையவே இல்லை. அதுதான் தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. உண்மையான டைனமோ 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் முழு வெளிச்சம் தரும், 7, 8இல் ஏறும்போது துடிக்கும், மங்கும்.

பார்சல் வந்து 11ஆம் நாள் வெலிமடைக்குப் போய்த் திரும்பினேன். நானுஓயா தாண்டி இறங்கும்போது மணி ஏழு. வளைவில் லைட் அணைந்துவிட்டது. இறக்கத்தில், சக்கரம் முழு வேகத்தில் சுற்றுகிறபோது! சக்கரம் சுற்றினால் எரிய வேண்டிய லைட் அது. எதிரே மரக்கறி லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறியது. கானுக்குள் இறங்கி விழுந்து தப்பினேன். முழங்கை கிழிந்தது, பரவாயில்லை. மிச்ச வழியைப் போன் வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் ரேடியோ திருத்தும் பாஸிடம் கொண்டுபோனேன். லைட்டின் அடியில் ஒரு ரப்பர் மூடி. அதைத் தூக்கினார், உள்ளே போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி ஓட்டை. ஹப்பிலிருந்து வந்த கம்பியை மெதுவாக இழுத்தார், பசை உரிந்து கையோடு வந்துவிட்டது. அது எதிலும் இணைக்கப்படவே இல்லை. மீட்டரை வைத்துவிட்டு என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். பூச்சியம். ஹப்பைக் கழற்றிப் பார்த்தோம். அச்சு, இரண்டு பக்கமும் பேரிங், கிரீஸ். நடுவில் வெறும் குழி. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுப் பார்த்தார், ஒட்ட ஒரு காந்தம் இல்லை. “தம்பி, இது வெறும் டப்பா” என்றார். அவரே என்னிடம் காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொதிக்கிறது. முதலில் “வேகமா ஓட்டினாத்தான் அண்ணே கரண்ட் வரும்” என்றான். அப்புறம், உங்கள் பக்கம் மழை அதிகம், ஈரம் போயிருக்கும், இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். அப்புறம், டெக்னீசியன் ஊருக்குப் போயிருக்கிறார். குழியைப் படமெடுத்து அனுப்பியதும் ‘அண்ணே’ போய்விட்டது. “நீங்க கழட்டிட்டீங்க சேர், வாரண்டி முடிஞ்சது. கழட்டாட்டியும் ஏழு நாள்தான், உங்களுக்குப் பதினொரு நாள் ஆச்சு.” லைட்டைக் கடையிலேயே முழுதாகச் சார்ஜ் போட்டு அனுப்பினால் ஏழு நாளைக்குள் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துதான் ஏழு நாள் வைத்திருக்கிறார்கள். வங்கியில் கேட்டேன், நீங்களே விரும்பிப் போட்ட காசு என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள். 78,500 ரூபாய் எங்கே என்று இதுவரை பதில் இல்லை.

நேற்று பிளாக் செய்தபின், மட்டக்களப்பில் இருக்கும் நண்பனை விட்டு அதே பக்கத்தில் விசாரிக்கச் சொன்னேன். அதே சக்கரம், அதே வீடியோ. ஊர் எது என்று கேட்டிருக்கிறான். நண்பன் சொன்னதும், “அட, நானும் செங்கலடிப் பக்கம்தான் அண்ணே.”

இவ்வளவு எழுதியும் என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாகச் சொல்ல இப்போது என்னால் முடியவில்லை. மூன்று விஷயம் மட்டும். டைனமோ ஹப்பின் அச்சைக் கையால் திருகினால் காந்தம் இழுத்து இழுத்து விடும், தடக் தடக் என்று விரலுக்குத் தெரியும். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றினால் வாங்காதீர்கள். லைட்டில் சார்ஜ் ஓட்டை இருக்கிறதா என்று அடியில் தடவிப் பாருங்கள். தனி ஆள் கணக்குக்கு முன்காசு போடவே போடாதீர்கள், எந்த ஊர்க்காரன் என்று சொன்னாலும் சரி.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் பேசிவிட்டு எழுத்திலும் கொடுக்கப்போகிறேன். பணம் போட்ட துண்டு, அவன் குரல் பதிவுகள், அந்த வெறும் ஹப் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே சக்கரத்தை வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் இன்றைக்கே எனக்கு எழுதுங்கள், சேர்த்து ஒரே முறைப்பாடாகக் கொடுப்போம். வாங்கி ஏழு நாள் ஆகாதவர்கள் இதைப் படித்தால் முதலில் அந்தக் கம்பியை இழுத்துப் பாருங்கள்.