மவுண்டன் பைக் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? ‘யுவி 400’ ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள்

சமூக ஊடக விளம்பரம் வழியே வியாபாரம் செய்யும் ஒரு ஆன்லைன் கடை, ‘எம்டிபி ஸ்பெஷல்’ (எம்டிபி என்றால் மவுண்டன் பைக்) என்ற பெயரில் ஒரு கண்ணாடியை விற்கிறது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ், வெயில் பட்டால் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக், யுவி 400, கல் அடித்தாலும் உடையாது என்றெல்லாம் விளம்பரத்தில் இருக்கிறது. விலை இரண்டாயிரத்துச் சொச்சம். எங்கள் சைக்கிள் குழுவில் சிலர் சேர்ந்து ஆர்டர் போட்டோம். வந்த பெட்டியில் லென்ஸ் மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் ‘டிஏசி போலரைஸ்டு’ என்று அச்சிட்டிருந்தது. அதாவது பளபளப்பை வெட்டும் மெல்லிய அடுக்கு லென்ஸ், பாலிகார்பனேட்டே இல்லை. வெயிலில் எவ்வளவு நேரம் வைத்தாலும் நிறம் மாறவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டால், ‘லென்ஸ் மேல் இருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டால் ரிட்டர்ன் கிடையாது’ என்று பதில். அதை உரிக்காமல் லென்ஸைச் சோதிக்கவே முடியாது. வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே விளம்பரப் பக்கத்திலிருந்த ‘பாலிகார்பனேட்’ என்ற சொல் காணாமல் போய், ‘பிரீமியம் லென்ஸ்’ என்று ஆகிவிட்டது.

அதே சமயத்தில் இன்னொரு ஏமாற்று, தெருமுனைக் கண்ணாடிக் கடையில். பவர் போட்ட ஸ்போர்ட்ஸ் கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் என்று பேசிப் பணம் வாங்கினார்கள். பில்லில் ‘ஃபைபர் லென்ஸ், அன்பிரேக்கபிள்’ என்று மட்டும் எழுதினார்கள். மாட்டிக் கொடுத்தது 1.56 இன்டெக்ஸ் என்ற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொய்யாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு அதுதான் முதல் கேள்வி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் என்றால், ரோட்டில் ஓட்டுபவருக்கு வெயிலும் காற்றும்தான் பிரச்சினை. டிரெயில் எனும் மலைப்பாதையில் முன்னால் போகிறவரின் டயர் சரளைக் கல்லைத் தெறிக்கவிடும். லாண்டானா, மூங்கில் கிளைகள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தால் முகம் நேரே தரையில் போய் மோதும். அந்த அடியை வாங்கி வளைந்து கொடுக்கிற பொருள் பாலிகார்பனேட். டிரைவெக்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கையும் அதே அளவுக்கு நம்பலாம். சாதாரணக் கண்ணாடிகளில் வரும் சிஆர்-39, 1.56, அக்ரிலிக் ஆகிய பிளாஸ்டிக்குகள் எல்லாம் பலமான அடி விழுந்தால் கூரான துண்டுகளாகப் போகும், அதுவும் கண்ணுக்கு ஓரிரு சென்டிமீட்டர் தூரத்தில். டிஏசி என்பது போலரைஸ் செய்யும் படலத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மெல்லிய தகடு ஒட்டிய லென்ஸ்; ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். மீன் பிடிக்கவும் கார் ஓட்டவும் நல்லது. அடி தாங்காது, விளிம்பில் விரிசல் விடும், வியர்வையும் சூடும் பட்டுப்பட்டு அடுக்கு பிரியும்.

‘யுவி 400’ என்பது புற ஊதாக் கதிரை 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்று சொல்வது மட்டுமே. அடி தாங்குமா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. உண்மையான பாலிகார்பனேட் என்றால், நிறமே இல்லாத லென்ஸ்கூட யுவியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அது அந்தப் பொருளின் குணம். யுவி முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் யுவி சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு ஸ்டிக்கரைக் காட்டியே முழுப் பணத்தையும் வாங்கிவிடுகிறார்கள்.

அடி தாங்கும் என்பதற்கான அடையாளங்கள் வேறு. அமெரிக்கத் தரம் என்றால் லென்ஸிலும் ஃபிரேமிலும் ‘இசட்87+’ என்று பொறித்திருக்கும். அந்தக் கூட்டல் குறி முக்கியம்: 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் சுட்டும் தாங்கியது என்று பொருள். ஐரோப்பியத் தரம் ஈஎன் 166-இல் ‘எஃப்’ என்ற எழுத்து, 6 மில்லிமீட்டர் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்தாலும் தாங்கும் என்பதைக் காட்டும். மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகம் அது. டயர் தெறிக்கவிடும் கல் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஐஎஸ்ஓ 12312-1 என்று போட்டிருந்தால் அது கூலிங் கிளாஸுக்கான பொதுத் தரம். அடி விஷயத்தில் அது கேட்பது அடிப்படை உறுதி மட்டுமே. வெறும் ‘சிஇ’ முத்திரையை நம்பாதீர்கள். கூலிங் கிளாஸுக்கு அதைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். போலிச் சரக்கில் அதை அச்சடிக்க மை செலவு மட்டும்தான்.

இனி, பார்சல் வந்த அன்றே வீட்டில் செய்ய வேண்டிய சோதனைகள். லேப்டாப்பில் வெள்ளைத் திரை வையுங்கள். முதலில் புதுக் கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போனால் அது போலரைஸ்டு. கறுக்கவில்லை என்றால் அடுத்த கட்டம்: வேறு ஒரு போலரைஸ்டு கண்ணாடியை எடுத்துத் திரை கறுக்கும் கோணத்தில் பிடித்துக்கொண்டு, திரைக்கும் அதற்கும் நடுவில் புது லென்ஸைக் காட்டுங்கள். அச்சில் வார்த்த பாலிகார்பனேட் என்றால் எண்ணெய் பட்ட தண்ணீர் மாதிரி வானவில் பட்டைகள் பளிச்சென்று தெரியும், குறிப்பாகப் பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த முனையிலும் ஓரங்களிலும். சிஆர்-39 லென்ஸில் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். ஃபிரேம் இறுக்கிப் பிடித்திருக்கும் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் தெரியலாம். டிரைவெக்ஸிலும் நிறம் அதிகம் தெரியாது. ஆகவே பில்லில் டிரைவெக்ஸ் என்று இருந்தால் இந்தச் சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்றபடி, பாலிகார்பனேட் என்று சொல்லி வந்த லென்ஸில் நிறமே தெரியவில்லை என்றால் சந்தேகப்பட முழுக் காரணம் இருக்கிறது. இதை அப்படியே போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஃபோட்டோகுரோமிக் சோதனை இன்னும் சுலபம். லென்ஸின் பாதியைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடி, வெட்டவெளி வெயிலில் இரண்டு நிமிடம் வையுங்கள். டேப்பை எடுத்து உடனே வெள்ளைத் தாள் மேல் பிடித்தால் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு தெரிய வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்துப் பார்க்காதீர்கள். கறுக்க வைப்பது பெரும்பாலும் யுவிதான், ஜன்னல் அதில் கணிசமான பகுதியைத் தடுத்துவிடும். கடும் சூட்டில் உண்மையான ஃபோட்டோகுரோமிக்கும் முழுதாகக் கறுக்காது, குளிரில் நன்றாகக் கறுத்து மெதுவாகத் தெளியும். கோடே விழவில்லை என்றால் மட்டுமே ஏமாற்று. நல்ல சரக்கிலும் ஒரு குறை உண்டு: கறுக்க அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும், தெளியப் பல நிமிடம் ஆகும். தேயிலைத் தோட்ட வெயிலிலிருந்து மரநிழலுக்குள் சட்டென்று இறங்கும்போது அது உங்கள் வேகத்துக்கு ஈடு கொடுக்காது.

கடைக்காரர் ஒரு படத்தைக் காட்டி, ‘இந்தக் கண்ணாடி போட்டால்தான் மறைந்திருக்கும் மீன் தெரியும்’ என்பார். அது போலரைசேஷன் சோதனை. யுவிக்கும் அடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிரெயிலுக்குப் போலரைஸ்டு வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஈரப் பாறையிலும் வேரிலும் தெரியும் பளபளப்புதான் ‘இங்கே வழுக்கும்’ என்று நமக்குச் சொல்லும் அடையாளம். போலரைஸ்டு லென்ஸ் அதைத்தான் துடைத்து எடுக்கிறது. ஹேண்டில்பாரில் இருக்கும் ஜிபிஎஸ் திரையும் சில கோணங்களில் கறுத்துப்போகும்.

நிறத்தின் அடர்த்தியை வகை எண்ணால் குறிப்பார்கள், பெரும்பாலும் காதுக் கம்பியின் உட்பக்கத்தில். வகை 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும், வகை 1-இல் 43 முதல் 80, வகை 2-இல் 18 முதல் 43, வகை 3-இல் 8 முதல் 18 மட்டும். ‘எம்டிபி ஸ்பெஷல்’ என்று விற்பவற்றில் வகை 3-உம் உண்டு; கடற்கரைக்குச் சரி, யூகலிப்டஸ் தோப்புக்குள் இறங்கினால் குழி தெரியாது. ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் வகை 1, ரோஸ் அல்லது செம்பு நிறம் வாங்குங்கள். மண்ணுக்கும் வேருக்கும் உள்ள வேறுபாடு அதில் எடுப்பாகத் தெரியும்.

பவர் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏமாறுவதும் அவர்கள்தான் அதிகம். கண்ணாடிக் கடையில் ‘ஃபைபர்’ என்றால் கண்ணாடிக்குப் பதிலான ஏதோ ஒரு பிளாஸ்டிக், அவ்வளவுதான். ‘அன்பிரேக்கபிள்’ என்பதும் தரப் பெயர் இல்லை. லென்ஸ் லேபிலிருந்து காகித உறையில் வரும். அதில் இன்டெக்ஸ், அதாவது லென்ஸ் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண், அச்சாகியிருக்கும். பாலிகார்பனேட்டுக்கு 1.59, டிரைவெக்ஸுக்கு 1.53, சிஆர்-39-க்கு 1.50. உறையில் 1.56 என்று இருந்தால் அது பாலிகார்பனேட் இல்லை, பேச்சே வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ‘பாலிகார்பனேட் 1.59’ என்று ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், கண்ணாடி வாங்கும்போது உறையையும் கேட்டு வாங்குங்கள். ஒழுங்கான கடைக்காரர் தயங்காமல் கொடுப்பார்.

முகத்தைச் சுற்றி வளையும் ஸ்போர்ட்ஸ் ஃபிரேமில் நேரடியாகப் பவர் போட்டால், அந்த வளைவுக்கும் சாய்வுக்கும் ஏற்ப லேப் பவரைத் திருத்தித் தர வேண்டும். டாக்டர் சீட்டில் இருப்பதை அப்படியே வெட்டி மாட்டினால் தரை சாய்ந்த மாதிரி தெரியும், ஓரப் பார்வை இழுக்கும், படிப்படியாக இறங்கும் இடத்தில் ஆழம் தப்பும். மைனஸ் 4-க்கு மேல் பவர் இருந்தால் வளைந்த ஃபிரேமில் ஓரம் தடித்துச் சிக்கலாகும். உள் ஃபிரேம் வைத்த மாடல்தான் வழி. அதில் இமைமுடி லென்ஸில் உரசுகிறதா, இரண்டு லென்ஸுக்கும் நடுவில் ஆவி படிகிறதா என்று ஒரு ஏற்றம் ஏறிப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஃபிரேம் விஷயத்தில் சுருக்கமாக: வளைத்தால் வளைந்து திரும்பும் டிஆர்-90 மாதிரி நைலான் நல்லது. கம்பியில் நிற்கும் கடினப் பிளாஸ்டிக் மூக்குத் தாங்கி இருந்தால் வேண்டாம், விழும்போது மூக்கோரத்தில் குத்தும். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டை எடுத்துச் செல்லுங்கள். காதுக் கம்பி ஹெல்மெட்டின் பின் பட்டையில் இடிக்கிறதா, குனிந்து தலையை உதறினால் கண்ணாடி நழுவுகிறதா, சிரித்தால் கன்னம் லென்ஸைத் தொடுகிறதா என்று அங்கேயே பாருங்கள். கன்னத்தில் தொட்டால் காற்று ஏறாது, ஏற்றத்தில் ஆவி படியும். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போட்டு இறக்கம் மட்டும் ஓட்டுபவருக்குக் காகிள் சரி. நம் ஊர் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு ஏற முடியாது.

பணம் குறைவு என்றால் இன்னொன்று செய்யலாம். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் ஹார்டுவேர் கடையில், ‘இசட்87+’ அல்லது ஈஎன் 166 ‘எஃப்’ பொறித்த தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அழகு குறைவுதான். ஆனால் இரண்டாயிரம் ரூபாய் டிஏசி கண்ணாடியைவிட அது உங்கள் கண்ணைக் காப்பாற்றும்.

நல்ல லென்ஸையும் கெடுக்க ஒரு வழி உண்டு. சில கொசு விரட்டிகளில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பாலிகார்பனேட்டை அரிக்கும். கிரீம் தடவிய விரலால் லென்ஸைத் தொடாதீர்கள். அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கூடாது. செம்மண் தூசி படிந்த லென்ஸை டிஷர்ட்டால் துடைத்தால் கீறல்தான். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்கி, ஒரு சொட்டு லிக்விட் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு துடையுங்கள். உட்பக்கம் ஆவி படியாத பூச்சு இருந்தால் தேய்க்காமல் உலர விடுங்கள்.

கண்ணில் கிளை, இலை கீறிவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். செடிகொடி பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வருவது தென்னிந்தியாவில் சகஜம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு அதை மோசமாக்கும். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், செடி பட்டது என்பதைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு. ஆர்டர் போடும் முன்பே விளம்பரப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. எடுக்கவில்லை என்றால் இப்போது இருப்பதையாவது எடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, எம்ஆர்பி, இறக்குமதி என்றால் எந்த நாட்டுச் சரக்கு என்பதும் சட்டப்படி இருக்க வேண்டும்; இல்லை என்றால் அதுவே தனிப் புகார். 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு மெயிலில் எழுதுங்கள், போனில் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். லேப்டாப் திரை முன் எடுத்த அந்தப் படத்தையும் லென்ஸ் உறையையும் மனுவுடன் சேர்த்துக் கொடுங்கள்.