குமிழி நின்ற நாள்

அப்பாவின் வலது நுரையீரலில் கட்டி இருந்த மேல் மடலை (நுரையீரலின் பெரிய பிரிவுகளில் ஒன்று) எடுத்தாக வேண்டும் என்று முடிவானதும், பன்னிரண்டு நாள் லீவில் ஊருக்குப் பறந்தேன். நாலாம் நாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்று எங்கோ படித்த தைரியத்தில், திரும்புவதற்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தேன்.

சர்ஜனிடம் நான் கேட்டதெல்லாம் வெட்டைப் பற்றித்தான். விலாவை விரித்துத் திறப்பீர்களா, துளை போட்டு கேமரா வழியாகவா, ரோபோவா? விலாவை விரிக்காவிட்டால் வலி குறையும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்றார். ரோபோ தானாக எதையும் வெட்டாது, அதை ஓட்டுவதும் அவர் கைதான். உள்ளே நடப்பது மூன்றிலும் ஒரே வேலை: அந்த மடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களையும் மூச்சுக்குழல் கிளையையும் பிரித்து, ஸ்டேப்ளர் போட்டு வெட்டி, பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுப்பது. "தமனியில கிழிசல் விழுந்து ரத்தம் நிக்கலன்னா யோசிக்காம திறந்துடுவேன். அதைத் தோல்வின்னு நினைச்சுடாதீங்க" என்றார். அந்தப் பேச்சுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மடலின் ஒரு துண்டை மட்டும் எடுத்தால் போதாதா என்றும் கேட்டேன். 2 செ.மீ.க்குள், ஓரமாக இருக்கும் கட்டிக்கு அது போதும் என்று 2022இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அப்பாவுடையது 3 செ.மீ. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 துண்டுகள் என்று கணக்கு. மேல் மடலோடு போவது மூன்று, மிச்சம் பதினாறு. அப்பாவின் ஊதும் பரிசோதனை அளவை 16/19ஆல் பெருக்கி, தாங்கும் என்றார்.

கேமரா வழியாகவே முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் உலகமே கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டிதான். நெஞ்சிலிருந்து வரும் டியூப் அதிலுள்ள தண்ணீருக்குள் முடியும். அப்பா இருமும்போதெல்லாம் குமிழி; நுரையீரலிலிருந்து கசியும் காற்று அது. மடல்களுக்கு நடுவே இருக்க வேண்டிய பிளவு அவருக்கு முழுசாக இல்லையாம்; நுரையீரல் திசுவையே வெட்டிப் பிரித்ததால் அங்கே காற்று கசிகிறது. ஐந்து நாள் தாண்டினால் அதை நீடித்த கசிவு என்கிறார்கள். எங்களுக்குத் தாண்டியது.

இரண்டாம் நாள் இரவு இன்னொரு கலவரம். நாடித்துடிப்பு 140, தாளமே இல்லாமல். நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் இப்படி வருவது சகஜம்தான் என்று நர்ஸ் மருந்து ஏற்றிக்கொண்டே சொன்னார். சகஜம் என்றால் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே! கையெழுத்துப் போட்ட படிவத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். யாரும் வாசித்துச் சொல்லவில்லை, நானும் வாசிக்கவில்லை. விடிவதற்குள் துடிப்பு சீரானது.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த, மூன்று பந்து உள்ள கருவியை அப்பா முதல் நாள் முழுக்க ஊதிக்கொண்டிருந்தார். அதை உறிஞ்ச வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வந்து சொன்ன பிறகுதான் முதல் பந்தே எழும்பியது.

ஒன்பதாம் நாள் காலை இருமச் சொன்னார்கள். மூன்று முறை இருமினார். தண்ணீர் ஏறி இறங்கியது, குமிழி வரவில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லி டியூபை உருவினார்கள். என் டிக்கெட்டை அதற்கு முந்தின நாளே தள்ளிப் போட்டிருந்தேன்.

இப்போது போனில் விசாரித்தால், கேமரா போன இடம் மறந்தே போச்சு என்கிறார். டியூப் இருந்த இடம்தான் இருமும்போது சுளீர் என்கிறதாம்.