பழைய காருக்கு பியூட்டைல் ஷீட்: சத்தத்துக்குச் சரி, வெப்பத்துக்குப் போதாது

அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர் தாள்) கார்த் தகரத்தின் அதிர்வை நன்றாகவே அடக்குகிறது. கதவைச் சாத்தினால் தகர டப்பா ஓசை போய், கனத்த சத்தம் வருகிறது. பரப்பில் கால் முதல் பாதி வரை ஒட்டினாலே போதும். முழுக்க ஒட்டுவது வீண் பாரம். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டவே வேண்டாம்: வெயிலில் இளகி நாறும், கூரையிலிருந்து உரிந்து தொங்கும்.

வெப்பம் வேறு கதை. கார்ப்பெட்டுக்கு அடியில் காற்று இடைவெளி இல்லாததால் பளபளப்புத் தாள் பெரிதாக உதவாது. ஷீட்டின் மேல் 6 மி.மீ. குளோஸ்டு செல் ஃபோம் (நீர் உறிஞ்சாத நுரைத் தாள்) வேண்டும், குறிப்பாக எஞ்சின் பக்கச் சுவரில். நீர் உறிஞ்சும் சாதா ஃபோம் துருவைத்தான் வளர்க்கும்.

துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் (பிசுக்கு நீக்கும் திரவம்) துடைத்து, ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். கையுறை அவசியம், தாளின் விளிம்பு கையைக் கிழிக்கும். கதவடி வடிகால் துளைகளை மூடிவிடாதீர்கள்.