செஃபாரியா: வாராந்தர தோரா வாசிப்புக்கு ஓர் இலவச நூலகம்

யூதர்கள் தோராவை, அதாவது பைபிளின் முதல் ஐந்து நூல்களை, வாரம் ஒரு பகுதியாக வாசிக்கிறார்கள். அதற்கு உதவும் யூத நூல்களைத் தரும் செஃபாரியா இணையதளம் 2011-இல் தொடங்கியது; கட்டணம் இல்லை. கைபேசிச் செயலியும் உண்டு. இது வேலை செய்யும் விதத்தைப் பார்க்க, நோவாவின் கதை வாசிக்கப்படும் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆதியாகமம் 6:9-ஐத் தொட்டால் பக்கத்தில் ஒரு பட்டை திறக்கும். அதில் முதலில், இடைக்கால யூத உரையாசிரியர் ரஷியின் உரை. நோவா "தன் காலத்தாருக்குள்" நீதிமான் என்றது புகழ்ச்சியா, குறைத்துச் சொன்னதா? இரண்டு பக்கத்தையும் அவர் வைக்கிறார். பிறகு தல்மூத் (பழைய யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பு), அதன் சன்ஹெட்ரின் பகுதியில் தாள் 108அ. நோவா அந்தக் காலத்தில்தான் நல்லவன் என்கிறார் அதில் வரும் அறிஞர் ரபி யோகனான். கெட்டவர் நடுவிலேயே அப்படி என்றால், நல்ல காலத்தில் இன்னும் உயர்ந்திருப்பான் என்கிறார் இன்னோர் அறிஞர் ரேஷ் லாக்கிஷ். காடிப் பாதாள அறையில் வைத்த திராட்சரசப் பீப்பாய், அசுத்தத்தின் நடுவே கிடக்கும் நறுமணத் தைலக் குப்பி என்ற உவமைகளும் அங்கேயே வருகின்றன. இதை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க இந்த வரிசை உதவும்.

குறைகள்? தமிழ் கிடையாது. பல மித்ராஷ்களும் (வேதத்துக்கான பழைய யூத விளக்க நூல்கள்) பிற்கால உரைகளும் எபிரேயத்தில் மட்டுமே நிற்கின்றன. பயனர்கள் தொகுத்த பாடத்தாள்களின் தரம் ஏறுமாறானது. மேற்கோளைத் தொட்டு மூலத்தை முழுதாகப் படிக்காமல் எடுத்தாள வேண்டாம். பஸ்கா பண்டிகை இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள்; அதன் 8-ஆம் நாள் சனிக்கிழமையில் விழுந்தால், இஸ்ரேலிலும் வெளிநாடுகளிலும் சில வாரங்களுக்கு வாசிப்புப் பகுதி வேறுபடும். ஓய்வுநாளில் கருவியைத் தொடாதவர்கள் வெள்ளி மதியத்துக்குள் அச்சிட்டுக்கொள்வது நல்லது.