12 ஆண்டுகளாக ஒரே பாஷ்ஆர்சி

2013-இல் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபோது கூடவே வந்த பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். பாஷ் என்ற ஷெல், தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு இது. அதற்குப் பிறகு நான்கு கணினிகள் மாறிவிட்டன. கோப்பு மட்டும், பாட்டி வீட்டு வெண்கலப் பானை போல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் அறுநூறு வரிகளைத் தாண்டியது. இன்று எண்ணிப் பார்த்தேன், எழுபத்து நான்கு.

எல்லோரையும் போல நானும் அலங்காரத்தில்தான் தொடங்கினேன். கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் நேரம், பேட்டரி அளவு, கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) நான் இருக்கும் கிளையின் பெயர், நான்கு வண்ணங்கள். அதன் பிறகு நீளமான கட்டளை எதை அடித்தாலும் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தொடக்கத்துக்கு வந்து, அடித்ததன் மேலேயே அடிக்க ஆரம்பித்தது. டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலை, ஒரு வாரம் திட்டினேன். பிழை என்னுடையது. வண்ணக் குறிகள் திரையில் தெரியாது என்பதைப் பாஷுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். பின்சாய்கோட்டுடன் சதுர அடைப்புக்குள் இடாவிட்டால் அவற்றையும் எழுத்துகளாக எண்ணி அகலத்தைக் கணக்கிட்டுவிடும்.

அடுத்தது பழமொழி. டெர்மினலைத் திறந்தவுடன் ஒரு பழமொழி வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, கோப்பின் முதல் வரியிலேயே அதை வைத்தேன். அதே கோப்பைச் சர்வரிலும் போட்டேன். மறுநாள் கணினிகளுக்கிடையே கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் வழியாகக் கோப்பு அனுப்பினால், 'உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டது. மனிதர் இல்லாமல் இரு நிரல்கள் பேசிக்கொள்ளும்போதும் பாஷ்ஆர்சி படிக்கப்படலாம். நடுவில் புகுந்த பழமொழி அவற்றின் பேச்சைக் குலைத்துவிட்டது. இதற்காகவே உபுண்டுவின் கோப்பில் தொடக்கத்திலேயே ஒரு காவல் வரி உண்டு. எதிரே ஆள் இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடு என்பது அதன் பொருள். நான் அதற்கும் மேலே எழுதியிருந்தேன்.

2019-இல் ஆப்பிளின் மேக்ஓஎஸ் கேட்டலினா, பாஷுக்குப் பதிலாக இசட்-ஷெல் என்ற வேறொரு ஷெல்லை இயல்பு ஷெல்லாக்கியது. அலுவலகக் கணினி மேக் என்பதால் நானும் இரண்டு ஆண்டுகள் அதில் இருந்தேன். கட்டளைகளைத் தானே நிறைவு செய்வதில் அது பாஷைவிடக் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசைப்பட்டுச் சேர்த்த துணைநிரல்களால், புதிய ஜன்னல் திறக்க ஒன்றரை வினாடி ஆனது. நாளுக்கு நாற்பது முறை திறப்பவனுக்கு அது நமைச்சல். நான் நுழையும் சர்வர்களில் எல்லாம் பாஷ்தான் என்பதால் திரும்பி வந்துவிட்டேன்.

உண்மையில் என்னைச் சுட்டது ஓர் ஏலியாஸ், அதாவது ஒரு கட்டளைக்கு நாமே வைக்கும் மாற்றுப்பெயர். அழிக்கும் கட்டளையான ஆர்எம், ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்டுவிட்டு அழிக்கும்படி மாற்றி வைத்திருந்தேன். பாதுகாப்பு என்றுதான் நினைத்தேன். நாளடைவில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டு, வேண்டியவற்றுக்கு மட்டும் 'வேண்டாம்' என்று பதில் சொல்லும் சோம்பேறித்தனம் கையில் ஏறிவிட்டது. ஒருநாள் வேறொருவரின் சர்வரில் அதே கை அதே வேலையைச் செய்தது. அங்கே என் ஏலியாஸ் இல்லை, அதனால் கேள்வி வராமலே எல்லாம் அழிந்தது. முந்தைய இரவின் காப்பு நகல் இருந்ததால் அரை நாள் வேலையோடு தப்பினேன். அன்றே, ஏற்கெனவே இருக்கும் கட்டளையின் பெயரில் வைத்த ஏலியாஸ்கள் அனைத்தையும் நீக்கினேன். சர்வர்களில் கணினிப் பெயர் சிவப்பில் தெரியும் ஒரு வரியைச் சேர்த்தேன். அலங்காரத்தில் மிஞ்சியது அந்தச் சிவப்பு மட்டுமே.

மிச்ச வரிகளில் பாதி, அடித்த கட்டளைகளின் வரலாற்றுக்கானவை. பாஷ் தானாக 500 கட்டளைகளை மட்டுமே நினைவில் வைக்கும். உபுண்டுவின் கோப்பு அதை 1000 ஆக்குகிறது. நான் ஒரு லட்சம் வைத்திருக்கிறேன். ஜன்னலை மூடும் வரை காத்திராமல் ஒவ்வொரு கட்டளையும் உடனே கோப்பில் ஏறிவிடும். கடவுச்சொல் கலந்த கட்டளையை ஓர் இடைவெளி விட்டுத் தொடங்கினால் வரலாற்றில் பதியாது. இது உபுண்டுவில் முன்பே இருக்கும் வசதி, பலர் கவனிப்பதில்லை.

எனக்குப் பிடித்த மாற்றமோ பாஷ்ஆர்சியில் இல்லை, எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லும் இன்புட்ஆர்சி என்ற பக்கத்து வீட்டுக் கோப்பில் இருக்கிறது. இரண்டே வரிகள். முதல் சில எழுத்துகளை அடித்து மேல் அம்பை அழுத்தினால், அந்த எழுத்துகளில் தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டும் வரும். மற்ற அனைத்தையும் பறித்துக்கொண்டாலும் இதை விட மாட்டேன்.

இவை எல்லாம் ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. ரகசியச் சாவிகள் மட்டும் களஞ்சியத்தில் சேராத தனிக் கோப்பில். போன மாதம் புதிய மடிக்கணினி வந்தபோது பத்து நிமிடத்தில் பழைய வீடு போலாகிவிட்டது. பழமொழியையும் திரும்பச் சேர்த்திருக்கிறேன், இம்முறை காவல் வரிக்குக் கீழே.