சிறு நிறுவனத்தின் பழைய பொதுத் தரவுத்தளத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ்: ஒரு மதிப்பீடு

வாடிக்கையாளர் விவரம், சரக்கு இருப்பு, வரவு செலவு என ஒரு சிறு நிறுவனத்தின் அன்றாட வேலை முழுவதையும், யாரோ என்றோ எழுதித் தந்த ஒற்றை ஆக்செஸ் கோப்பு தாங்கிக்கொண்டிருப்பது இன்றும் அரிதல்ல. 1992இல் முதற்பதிப்பு வெளியான இந்தத் தரவுத்தள மென்பொருளை, எழுதியவர் விலகிப் போன பிறகு அந்தக் கோப்பைப் பராமரித்து விரிவாக்கும் பொறுப்பை ஏற்றவரின் இடத்திலிருந்து இங்கே மதிப்பிடுகிறேன். படிவங்களுக்கும் அறிக்கைகளுக்கும் ஆக்செஸை இன்றும் தயங்காமல் நம்பலாம் என்பது என் முடிவு. பலர் ஒரே நேரத்தில் எழுதும் தரவை அதனிடம் ஒப்படைப்பதில்தான் எச்சரிக்கை தேவை.

ஆக்செஸ், எல்லோருடைய கோரிக்கைகளையும் ஒரு மையக் கணினியே ஏற்று நிறைவேற்றும் சர்வர் வகையைச் சேர்ந்த தரவுத்தளம் அன்று. பொதுக் கோப்புறையில் கிடக்கும் கோப்பை ஒவ்வொருவருடைய கணினியும் தானே திறந்து, தேவையான பக்கங்களை நெட்வொர்க் வழியாக இழுத்து, திருத்தியதைத் தானே திரும்ப எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பு சிதையக்கூடும். வைஃபை வழியாகவோ ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையிலோ இதைப் பகிரக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. ஒரே நேரத்தில் 255 பேர் பயன்படுத்தலாம் என்பது ஏட்டளவிலான எல்லை. நடைமுறையில் அதை நெருங்க நினைப்பதே தவறு.

யாராவது கோப்பைத் திறந்தவுடன், அதே பெயரில் எல்ஏசிசிடிபி (.laccdb) என்று முடியும் சிறு பூட்டுக்கோப்பு ஒன்று பக்கத்திலேயே தோன்றுவதைக் காணலாம். பழைய எம்டிபி (.mdb) கோப்பு வடிவத்தில் அதன் முடிவு எல்டிபி (.ldb) என்றிருக்கும். கடைசி ஆள் வெளியேறியதும் அது மறைய வேண்டும். எல்லோரும் மூடிவிட்டதாகச் சொன்ன பிறகும் அது கிடந்தால், ஏதோ ஒரு கணினி இன்னும் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது யாருடைய கணினியோ முறையாக மூடாமல் நின்றுவிட்டது என்று பொருள். பராமரிப்பவர் மாலையில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான். அது மறைந்த பிறகே காப்புநகல் எடுத்து, அதற்கும் பிறகே கோப்பிலுள்ள வீண் இடத்தை நீக்கிப் பிழைகளைச் சீராக்கும் 'சுருக்கிச் சரிசெய்' (Compact and Repair) கட்டளையை இயக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கைக்கு வந்த பழைய தரவுத்தளம் இன்னும் ஒற்றைக் கோப்பாகவே இருந்தால், வேறு எந்த வேலையையும் தொடங்குமுன் அதை இரண்டாகப் பிரிப்பது நல்லது. பிரிப்பதற்கான கருவி ஆக்செஸிலேயே இருக்கிறது: அட்டவணைகள் மட்டும் பொதுக் கோப்புறையில் தங்கும், படிவம், வினவல், அறிக்கை, நிரல் ஆகியவை அடங்கிய முன்பகுதியின் நகல் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே இருக்கும். அட்டவணைகளை இணைக்கும்போது டிரைவ் எழுத்தைக் கொடுக்காமல் சர்வரின் பெயரோடு கூடிய முழுப் பாதையைக் கொடுத்தால், கணினிக்குக் கணினி எழுத்து மாறுவதால் வரும் தொல்லை இல்லை. இப்படிப் பிரித்துவிட்டால், புதிய அறிக்கை ஒன்றைப் பகல் நேரத்திலேயே தயாரித்து, எவருடைய வேலையையும் நிறுத்தாமல் வழங்க முடிகிறது. ஆக்செஸின் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இந்த வசதியைத்தான்.

விரிவாக்கம் தொடங்கும்போதுதான் பழைய வடிவமைப்பின் குறைகள் தலைதூக்கும். ஒரு புலத்தின், அதாவது அட்டவணையின் ஒரு நெடுவரிசையின், பெயரை மாற்றினால் எவையெல்லாம் பாதிக்கப்படும் என்பதைக் காட்டும் சார்பு ஆய்வுக் கருவி உண்டு என்றாலும், அது மேக்ரோக்கள் என்னும் தானியங்கிக் கட்டளைத் தொகுப்புகளையும், ஆக்செஸின் நிரல்மொழியான விபிஏவில் எழுதிய நிரலையும் பார்ப்பதில்லை. ஆகவே நிரல் முழுவதிலும் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்காமல் மாற்றத்தில் கை வைக்கக் கூடாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏசிசிடிபி (.accdb) என்ற புதிய கோப்பு வடிவத்தோடு வந்த, கோப்புகளை உள்ளே சேர்த்துவைக்கும் இணைப்புப் புலமும் (Attachment), ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை ஏற்கும் பல்மதிப்புப் புலமும் பார்ப்பதற்கு வசதியானவை; ஆனால் படங்களையும் ஆவணங்களையும் உள்ளே சேர்க்கச் சேர்க்க, 2 ஜிபி என்ற கோப்பு எல்லை வேகமாக நெருங்கிவிடும். பின்னாளில் தரவை வேறு இடத்துக்கு மாற்றும்போதும் இவ்விரண்டுமே முதலில் சிக்கல் கொடுக்கும். ஆவணங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, அவற்றின் பாதையை மட்டும் புலத்தில் எழுதுவதே நெடுநாள் நிற்கும் முறை.

எம்டிபியிலிருந்து ஏசிசிடிபிக்கு மாறும்போது, பயனர்வாரியாக அனுமதி வழங்கும் பழைய பாதுகாப்பு முறை கிடைக்காது. ஆக்செஸ் 97 கோப்பு என்றால் 2013உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் அதைத் திறக்கவே மாட்டா. 2010 போன்ற இடைப்பட்ட பதிப்பில் திறந்து மாற்றியாக வேண்டும். விண்டோஸ் செயற்கூறுகளை அழைக்கும் பழைய நிரல் வரிகளும் 64 பிட் ஆஃபிஸில் திருத்தமின்றி ஓடா.

தரவு பெருகிவிட்டாலோ அடிக்கடி சிதைந்தாலோ, அட்டவணைகளை மட்டும் மைக்ரோசாஃப்டின் சர்வர் வகைத் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றிவிட்டு, பழகிய படிவங்களை அப்படியே தொடர்வதையே பரிந்துரைப்பேன். அது இலவசம், 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரை அனுமதிக்கிறது, மாற்றுவதற்கான கருவியையும் மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. மாற்றிய பிறகு, வேறு எவரும் தொடாத பதிவைச் சேமிக்கும்போதும் 'எழுதுவதில் முரண்பாடு' என்ற செய்தி வந்தால், ஆம்/இல்லை புலங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவற்றை 0 என்று நிரப்பி, அதையே இயல்பு மதிப்பாக்கி, பதிவு மாறும்போதெல்லாம் தானே மாறும் ரோவெர்ஷன் (rowversion) புலம் ஒன்றை அட்டவணையில் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முழு அட்டவணையையும் ஏற்றித் திறக்கும் படிவங்களையும், கேட்ட பதிவை மட்டும் கொண்டுவரும்படி திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் சர்வருக்கு மாறியவர்கள் வேகம் கூடவில்லை என்று ஏமாறுவார்கள்.

கைபேசியிலோ மேக் கணினியிலோ தரவு தேவைப்படும் நிறுவனத்துக்கு இது பொருந்தாது. ஆக்செஸ் விண்டோஸில் மட்டுமே இயங்கும். பதிவு செய்வதும் பார்ப்பதும் மட்டுமே வேலையாக இருக்கும் கணினிகளுக்கு வடிவமைக்கும் வசதி இல்லாமல் கோப்பை இயக்க மட்டும் உதவும் இலவச ரன்டைம் பதிப்பு போதும். முழு உரிமம் வடிவமைப்பவருக்கு மட்டும் இருந்தால் சரி. 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அவற்றில் இன்னும் ஓடும் முன்பகுதிகளை அடுத்த பதிப்பில் சோதித்துப் பார்க்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.