டிக்கெட்டில் இருப்பது உங்கள் போன் நம்பர்தானா? காசிக்குக் கிளம்பிய என் அப்பா அம்மாவுக்கு நடந்தது

மலிவு விலை விமானத்தில் டிக்கெட் போட்டிருப்பவர்கள், அதிலும் ஏதாவது புக்கிங் செயலி வழியாகப் போட்டிருப்பவர்கள், முதலில் ஒரு வேலை செய்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் பிஎன்ஆர் எண்ணையும் பயணியின் பெயரையும் கொடுத்து உங்கள் டிக்கெட்டைத் திறங்கள். தொடர்பு எண் என்ற இடத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். முழுதாகக் காட்டாது, கடைசி இரண்டு மூன்று இலக்கம்தான் தெரியும். அது உங்கள் எண்ணின் கடைசி இலக்கங்கள்தானா?

எங்கள் டிக்கெட்டில் இல்லை. அதற்குக் கொடுத்த விலை கிட்டத்தட்ட 27,000 ரூபாய், அப்பாவின் ரத்த அழுத்தம் தனி.

அப்பா, அம்மா, பெரியம்மா மூன்று பேரும் ஐப்பசிக் கடைசியில் காசிக்குப் போவதாக ஏற்பாடு. தாத்தா திதியை ஒரு தடவையாவது கங்கைக் கரையில் கொடுக்க வேண்டும் என்று அப்பாவுக்கு நெடுநாள் ஆசை. அனுமன் கட்டத்துப் பக்கம் சாஸ்திரிகளிடம் சொல்லி, தங்க இடம் பார்த்து, எல்லாம் ஆடியிலேயே முடிந்தது. திதிக்கு முதல் நாள் காலை 11.40-க்குச் சென்னையிலிருந்து நேராக வாரணாசிக்கு விமானம். டிக்கெட்டை நான்தான் ஒரு பிரபலமான செயலியில் போட்டேன். போன் நம்பர் கேட்ட இடத்தில் அப்பாவின் எண், மின்னஞ்சல் கேட்ட இடத்தில் என்னுடையது. பணம் போனதும் செயலியிலிருந்து டிக்கெட் வந்தது. அதிலும் அந்த எண்தான் அச்சாகியிருந்தது. சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

அன்று காலை ஒன்பதே காலுக்கெல்லாம் விமான நிலையம் போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் சிஐஎஸ்எஃப் காவலர் டிக்கெட்டையும் ஆதாரையும் பார்த்து உள்ளே விட்டார். மூவரையும் கவுண்டர் வரை கொண்டுபோய் விடலாம் என்று நானும் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு கூடவே போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"சார், இந்த ஃப்ளைட் எட்டே காலுக்கே போயிடுச்சே. உங்களுக்கு மெசேஜ் வரலையா?"

விமானம் தாமதமாகும், ரத்தாகும், அது தெரியும். மூன்றரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிப் போகும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. "முன்கூட்டியே கிளம்பிடுச்சா? அது எப்படிம்மா?" என்று பெரியம்மா கேட்டதற்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை.

எப்படி என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடைக்கால அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்கால அட்டவணை. ஆடியில் நாம் டிக்கெட் போடும்போது ஐப்பசிக்கடைசி நேரங்கள் முடிவானவை அல்ல. ஆனாலும் டிக்கெட்டை விற்றுவிடுவார்கள். மலிவு விலை நிறுவனங்களில் ஒரே விமானம் விடிகாலை தொடங்கி நள்ளிரவு வரை ஊர் ஊராகப் பறந்துகொண்டே இருக்கும். இறங்கி அரை மணியில் மறுபடி ஏற வேண்டும். எங்கேயோ ஓர் ஊரில் நேர ஒதுக்கீடு மாறினால் அன்றைய பயணங்கள் வரிசையாக நகரும். இதில் தப்புச் சொல்ல மாட்டேன். நகர்த்தியதை யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் விஷயம்.

மேற்பார்வையாளர் ஒருவர் வந்து திரையைக் காட்டினார். அக்டோபரிலேயே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறார்கள். செய்தி போன எண் அப்பாவுடையது இல்லை. மின்னஞ்சல் என்னுடையது இல்லை. இரண்டுமே அந்தச் செயலிக்காரர்களுடையவை. நாம் கொடுக்கும் எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, விமான நிறுவனத்துக்குத் தங்கள் எண்ணைக் கொடுத்து டிக்கெட் எடுக்கிறார்கள். பயணி தங்கள் கையை விட்டு நேரடியாக நிறுவனத்திடம் போய்விடக் கூடாது என்ற வியாபாரக் கணக்கு. எல்லாத் தளங்களும் இப்படிச் செய்வதில்லை. செய்கிறவர்களை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை, டிக்கெட்டைத் திறந்து பார்ப்பதைத் தவிர.

அதே அக்டோபரில் அந்தச் செயலியிலிருந்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்குச் செய்தி வராமலில்லை. வாரணாசியில் ஹோட்டல் தள்ளுபடி, படகுச் சவாரி தள்ளுபடி, பயணக் காப்பீடு என்று வந்துகொண்டேதான் இருந்தது. விமான நேரம் மாறியது ஒன்றுதான் வரவில்லை.

கவுண்டரில் எங்களுக்குக் கிடைத்த முத்திரை 'நோ-ஷோ'. அதாவது பயணி வரவில்லை. வந்து எதிரே நிற்கிற மூன்று பேரைப் பார்த்து வரவில்லை என்று எழுதுகிறார்கள். அடுத்த நேர் விமானம் மறுநாள்தான். திதி மறுநாள் காலை. வேறு வழி? ஹைதராபாத் போய் மாறிப் போகிற வேறொரு விமானத்தில் அந்த நேரத்து விலைக்கு 46,000-சொச்சம் கொடுத்து எடுத்தோம். பழைய டிக்கெட் மூவருக்கும் சேர்த்து 19,350. இரவில் பாபத்பூர் விமான நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம். திதி நடந்தது, அந்த மட்டில் புண்ணியம்.

திரும்பி வரும் டிக்கெட்டும் அதே செயலியில்தான் இருந்தது. தொடர்பு எண்ணை மாற்றலாம் என்று நிறுவனத்தின் தளத்தில் முயன்றால், மாற்றுவதற்கான ஓடிபி பழைய எண்ணுக்கே போகிறது. அதாவது செயலிக்காரர்களுக்கு. கடைசியில் கவுண்டரில் ஆதாரைக் காட்டித்தான் அப்பாவின் எண்ணைப் போட வைத்தோம். உங்களுக்கும் இப்படி மாட்டினால் வாடிக்கையாளர் சேவையில் மணிக்கணக்காகக் காத்திருக்காதீர்கள்; ஊரில் விமான நிலையம் இருந்தால் நிறுவனத்தின் டிக்கெட் கவுண்டருக்கே அடையாள அட்டையோடு போய்விடுங்கள். திரும்பும் விமானமும் சிறிது நேரம் மாறியது. இந்தத் தடவை செய்தி அப்பா போனுக்கே வந்தது.

பணத்தைக் கேட்கத் தொடங்கியதும் பந்தாட்டம் ஆரம்பமானது. நிறுவனம் சொன்னது: "உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்." செயலி சொன்னது: "நேரத்தை மாற்றியது விமான நிறுவனம், அவர்களைக் கேளுங்கள். எங்கள் பதிவில் நோ-ஷோ என்று இருக்கிறது." ஒரு வாரத்துக்குப் பிறகு, பெரிய மனது பண்ணி, வரியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அதிலும் ஒரு சேவைக் கட்டணம் கழித்துக்கொண்டு.

இங்கே விதி தெரிந்திருப்பது உதவும். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏவின் விதிகளில் இவையெல்லாம் இருக்கின்றன. பயணி வராமல் போனாலும், சலுகை விலை டிக்கெட்டே ஆனாலும், பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தந்தாக வேண்டும். அது தர்மம் அல்ல, பாக்கி. ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான், ஏனென்றால் ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி. "ஏஜென்டைக் கேளுங்கள்" என்பது அந்த விதிக்கு முன் நிற்காது. இதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் பதில்களில் மரியாதை கூடியது.

ஆனால் அதே விதித் தொகுப்பில் நமக்கு ஆப்பு வைக்கிற வாசகம் ஒன்றும் இருக்கிறது. விமானம் ரத்தாகி, உரிய முன்னறிவிப்பு கொடுக்காவிட்டால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதை இழப்பீடாகத் தர வேண்டும். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது போதுமான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இந்த இழப்பீடு கிடையாது. நாம் கொடுத்திருப்போம். நடுவில் இருப்பவன் மாற்றியிருப்பான். நிறுவனத்தின் கணக்கில் நாம் கொடுக்கவில்லை. பதிவின் தலைப்பிலேயே போன் நம்பரைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான்.

எங்களுக்கு மட்டும் நடந்த கூத்து என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் அமிர்தசரஸிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு எட்டு மணிவாக்கில் கிளம்ப வேண்டிய ஒரு மலிவு விலை விமானம், நேரம் மாற்றப்பட்டுப் பிற்பகலிலேயே பறந்துவிட்டது. சுமார் 30 பேர் விமான நிலையத்தில் நின்றார்கள். அவர்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் நேர மாற்றத்தைச் சொல்லவில்லை என்றே அப்போது விமான நிலைய அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். டிஜிசிஏ விசாரணைக்கும் உத்தரவிட்டது.

இடையில் இன்னொரு ஆபத்து வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பணம் எப்போது வரும் என்ற கவலையில் அப்பா இணையத்தில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடியிருக்கிறார். முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவன் தேன் ஒழுகப் பேசி, பிஎன்ஆர் கேட்டு, "ரீஃபண்ட் இப்பவே போட்டுடலாம் அங்கிள், ஒரு ஆப் மட்டும் இறக்குங்க" என்றிருக்கிறான். திரையில் இருப்பதை எதிராளிக்குக் காட்டுகிற செயலி அது. நல்லவேளை, அம்மா பக்கத்து அறையிலிருந்து "யாருங்க அது, ஆப் கீப்னு?" என்று கேட்டுப் போனைப் பிடுங்கி வைத்தார். ரீஃபண்டுக்காகக் காத்திருப்பவர்களைக் குறிவைத்தே இப்படிப் போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எண் வேண்டுமானால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அல்லது செயலியில் மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

டிக்கெட் போடும் இடத்தில் நடக்கும் சில்லறை வேலைகளை அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கேட்காமலே காப்பீட்டில் டிக் விழுந்திருக்கும், 'இந்த விலையில் 2 சீட்டுதான்' என்று மிரட்டும், கடைசித் திரையில் வசதிக் கட்டணம் முளைக்கும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் நான் பார்த்தேன். வெப் செக்-இன் செய்யாமல் போனால் கவுண்டரில் போர்டிங் பாஸுக்குக் காசு என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். 2022 ஜூலையிலேயே அமைச்சகம் கூடாது என்று சொல்லியாயிற்று. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: 12 வயது வரையிலான குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் வரும் அம்மா அல்லது அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கை தர வேண்டும் என்று 2024-ல் டிஜிசிஏ சொல்லியிருக்கிறது.

ஒன்று மட்டும் நம் ஊர்க்காரர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டும். இனிஷியல். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தால் நாம் என்ன செய்வோம்? ஒருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார், ஒருவர் ஒற்றை எழுத்தைப் போடுவார். சில தளங்கள் ஒற்றை எழுத்தை ஏற்காமல் முதல் பெயரையே இரண்டாம் கட்டத்திலும் தானாக நிரப்பிவிடும். பெரியம்மாவின் டிக்கெட்டில் அவர் பெயர் இரண்டு முறை இருந்தது. வாசல் காவலர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார், ஆனால் நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட்டைத் திறக்க எந்தப் பெயரைக் கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடினோம். வெளிநாட்டுப் பயணம் என்றால் சிரிப்பு வராது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததை துபாய் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பணம் என்ன ஆனது? மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போட்டோம். நிறுவனம் அங்கே வந்து முதலில் பழைய பாட்டையே பாடியது. பிறகு ஒரு பயண வவுச்சர் தருவதாகச் சொன்னது. ஒரு வருடத்துக்குள் அவர்கள் விமானத்திலேயே பறக்க வேண்டுமாம். "அந்த ஃப்ளைட்ல இனிமே நான் ஏறுறதா?" என்று அப்பா மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தபின், பழைய டிக்கெட்டின் 19,350-ஐ மட்டும் வந்த கணக்குக்கே திருப்பிப் போட்டார்கள். புது டிக்கெட்டுக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம், அந்த 27,000, யாரும் தரத் தயாரில்லை.

அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தால் நமக்கென்ன. வாங்கிய சேவையின் மதிப்பு 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. பழைய நேரம் போட்ட டிக்கெட், கவுண்டரில் கேட்டு வாங்கிய நோ-ஷோ சீட்டு, புது டிக்கெட்டின் ரசீது, எல்லாவற்றையும் அன்றே எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. கவுண்டரில் எழுத்தில் தர முதலில் மறுத்தார்கள். "எழுதிக் குடுத்தாத்தான் இங்கேர்ந்து நகருவேன்" என்று அம்மா அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

செயலித் தரப்பு போன மாதம் எழுத்துமூலம் பதில் தாக்கல் செய்தது. விமான நேரத்தைப் பயணிகள் தாங்களாகவே விமான நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று தங்கள் நிபந்தனைகளில் இருக்கிறதாம். பயணியின் எண்ணை ஏன் நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. அப்பாவின் வாட்ஸ்அப்பில் வந்த ஹோட்டல் விளம்பரங்களைத் தேதியோடு அச்செடுத்து ஆவணமாகச் சேர்த்திருக்கிறோம். அடுத்த வாய்தா ஆவணியில்.